அம்மாவின் மூக்குக்கு ஒரு தரகர்

அது ஆறு வாரத் துணி. விடுதியில் தண்ணீர் வரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்; வந்த நாட்களிலும் நான் துவைக்கவில்லை. மூட்டையைத் தஞ்சாவூரில் பஸ் ஏற்றி மடியில் வைத்துக்கொண்டேன். ஒரத்தநாடு வருவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்துபோய்க் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார். முத்துப்பேட்டை வரை நின்றே வந்தார். பாவம், நல்ல மனிதர்.

வீட்டில் மூட்டையை அவிழ்த்தேன். அம்மா ஒரு சட்டையை எடுத்து உதறி, முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பொத்தான் ஒன்னு போயிருக்கு தம்பி" என்றாள்.

அவ்வளவுதான். திட்டவில்லை. மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை.

"அம்மா, உனக்கு வாடை தெரியலையா?"

சட்டையை மடித்து வைத்தாள். "நாலு மாசத்துக்கு முன்ன ஒரு காய்ச்சல் வந்துச்சுல்ல, அதோட போச்சு. உங்கிட்ட சொன்னா பரீட்சைய விட்டுட்டு ஓடியாருவ."

பரீட்சையை விடுவதற்கு நான் காரணம் தேடிக்கொண்டிருந்தவன்தான். ஆனால் இப்படி ஒரு காரணத்தைக் கேட்கவில்லை.

அம்மாவின் பெயர் நாகம்மாள். மீன் விற்கிறவள். காலையில் படகுத்துறைக்குப் போய், செவுளைத் தூக்கி ஒருமுறை மோந்து பார்த்துத்தான் மீன் எடுப்பாள். செவுளின் சிவப்பு பொய் சொல்லும், கண்ணின் பளபளப்பு பொய் சொல்லும், வாடை மட்டும் சொல்லாது என்பாள். அவள் கொடுத்த மீனைத் தெருவில் யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. மூக்கு போனபிறகு கண்ணை நம்பி எடுத்த ஒரு கூடை மடவை மீனில் கெட்டதும் கலந்திருந்தது. வாங்கியது ஒரு வளைகாப்பு வீடு. அந்த வீட்டுக்காரி சண்டைக்கு வரவில்லை. "நாகு, மீனைக் கொட்டிட்டேன். யாருக்கும் சொல்லல" என்று மட்டும் காதோடு சொல்லிவிட்டுப் போனாளாம்.

"சண்ட போட்டிருந்தாக்கூடப் பரவால்லடா" என்றாள் அம்மா.

அன்றிலிருந்து உயிர் நண்டு மட்டும் விற்கிறாள். உயிர் நண்டுக்கு மூக்கு வேண்டாம், கால் ஆடினால் போதும். படகுக்குப் போகிற என் அப்பா தியாகு, "மீன் விக்கிறவளுக்கு மூக்கு இல்லாதது ஒரு வசதிதானடி" என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். அதற்காக இரண்டு நாள் அவருடைய தட்டில் வெறும் ரசம்தான் விழுந்தது.

பட்டுக்கோட்டையில் மூக்கு டாக்டரைப் பார்த்திருக்கிறாள். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம்: நான்கையும் காலையும் மாலையும் மோந்து, அந்த வாசனையை நினைத்துப் பார்க்கச் சொன்னாராம். இரண்டு வாரம் செய்துவிட்டு விட்டுவிட்டாள்.

"ஏம்மா விட்ட?"

"எலுமிச்சம்பழத்த நான் என்னிக்கிடா நின்னு மோந்தேன்? நெனச்சுப் பாருன்னா எதை நெனக்கிறது? யாரோ வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கு."

இந்த இடத்தில் எங்கள் இறுதியாண்டு புராஜெக்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் செய்தவள் ஹுமைரா, எங்கள் ஊர்க்காரி, என் வகுப்பு. என் பங்கு, அவள் செய்ததை நாங்கள் செய்ததாகச் சொல்வது.

விஷயம் இதுதான். உலகத்தில் ஆராய்ச்சிக் கட்டுரைகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. பல் டாக்டர் எழுதுவதைப் பல் டாக்டர்தான் படிக்கிறார். நெல் ஆராய்ச்சிக்காரர் எழுதுவதை அவருடைய மாணவர்களே படிப்பதில்லை. ஒருவனுடைய பூட்டுக்கு இன்னொருவனிடம் சாவி இருந்தாலும் தெரியப்போவதில்லை, பேச்சுவார்த்தையே கிடையாது. ஹுமைராவின் புரோகிராம் எல்லாவற்றையும் படித்து, ஒன்றையொன்று ஒருபோதும் குறிப்பிடாத இரண்டு துறைகள் ஒரே விஷயத்தைப் பேசுகிற இடத்தைக் கண்டுபிடித்துக் காட்டும். அதற்குத் 'தரகர்' என்று பெயர் வைத்தோம்.

தரகர் முதல் மாதத்தில் பார்த்துக் கொடுத்த வரன்கள்: கோயில் யானையின் பாத வெடிப்பும் நெடுஞ்சாலைத் தாரும். நெல் மூட்டை அடுக்குவதும் பல் கட்டுவதும். எங்கள் வழிகாட்டி செல்லதுரை சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பொருத்தம் இருக்கலாம்பா. குடும்பம் நடக்குமா?" என்று கேட்டார்.

அம்மாவின் மூக்கு போன கதையைக் கேட்ட அன்று முழுக்க எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. திங்கட்கிழமை லேபில் ஹுமைரா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஹுமைரா, மூக்கு போன ஒருத்தரைத் தரகர்கிட்ட கொடுக்கலாமா?"

"யாரு?"

சொன்னேன். அவள் கிண்டல் ஏதும் செய்யவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. வாசனை இழப்பைப் பற்றிய கட்டுரைகளை ஒரு பக்கம் வைத்து, மறுபக்கம் எந்தத் துறையாக இருந்தாலும் சரி என்று திறந்துவிட்டாள்.

முதலில் வந்த ஜோடியைப் பார்த்ததும் தலையில் கைவைத்தாள். "டேய் ஜெகா! மீன் கட்டுரையெல்லாம் இன்னும் உள்ளயே இருக்கு! டெஸ்ட் முடிஞ்சதும் அழிக்கச் சொன்னேன்ல?"

சொன்னாள்தான். புரோகிராமைச் சோதிக்க ஏதாவது ஒரு துறையை ஏற்றச் சொன்னபோது நான் மீன்வளத்தை ஏற்றினேன். தரகர் பொய் சொன்னால் என்னால் கண்டுபிடிக்க முடிந்த துறை உலகத்திலேயே அது ஒன்றுதான். அழிக்க மறந்துவிட்டேன்.

"அழிச்சுட்டுத் திரும்ப ஓட்டுறேன்" என்றாள்.

"இரு, இரு. என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

குளிர்நாட்டு ஆற்று மீன் ஒன்று. குஞ்சாக இருக்கும்போது தன் ஆற்றின் வாசனையை மூக்கில் பதிய வைத்துக்கொள்கிறது. பிறகு கடலுக்குப் போய் வருஷக்கணக்காகச் சுற்றுகிறது. முட்டையிட வேண்டிய காலம் வந்ததும், அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே அதே ஆற்றுக்குத் திரும்புகிறது. எத்தனையோ ஆறுகள் கடலில் கலக்கின்றன; அவற்றின் வாசல்களையெல்லாம் தாண்டிப் போகிறது.



"யாரோ வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி இருக்குன்னு அம்மா சொன்னுச்சு" என்றேன்.

ஹுமைரா மெதுவாகத் திரும்பினாள். "அப்ப அவங்க வீட்டு வாசல் எது?"

"தெரியாது."

"இருபத்தோரு வருஷமா அவங்க பிள்ளையா இருக்க."

"தரகர்கிட்ட கேட்டுப் பாரேன்."

"தரகர் ஜாதகம்தான் குடுக்கும். பொண்ணு பாக்க நீதான் போகணும்."

அந்தச் சனிக்கிழமை போனேன். அம்மா நண்டுகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, "சின்ன வயசுல உனக்கு ஞாபகம் இருக்குற வாசனை எல்லாம் சொல்லும்மா" என்றேன்.

"எதுக்கு?"

"புராஜெக்ட்."

படிப்பு என்றால் அம்மா எதையும் செய்வாள். யோசித்தாள். "கீலு. படகு அடியில பூசுவாங்கல்ல, காய்ச்சறப்ப ஒரு வாசன வரும். அப்பறம் அலையாத்திக் காட்டுச் சேறு. நண்டு புடிக்கப் போனா இடுப்பு வரைக்கும் அதுதான்."

"அப்புறம்?"

ஒரு நண்டை முழுதாகக் கட்டி முடித்தபிறகு சொன்னாள். "ஆறாங்கிளாசு புஸ்தகம்."

"அஞ்சாவது வரைக்கும்தானே படிச்ச?"

"புஸ்தகம் குடுத்துட்டாங்கடா. அப்பறந்தான் தம்பியப் பாத்துக்க ஆளில்லன்னு நிறுத்துனாங்க. பள்ளிக்கூடத்துலேந்து வந்து திருப்பி வாங்கிட்டுப் போற வரைக்கும் எங்கிட்டதான் இருந்துச்சு. ஒரு வாரம். படிக்கல்லாம் இல்ல. பிரிச்சுப் பிரிச்சு மோந்துக்கிட்டே இருந்தேன்."

என்னுடையது கேலி பேசியே பழகிய வாய். அதற்கு வேறு வேலை பழக்கமில்லை. ஒரு நண்டை எடுத்துக் கட்டப் பார்த்தேன். கடித்துவிட்டது.

"நாலாவது ஒன்னு சொல்லும்மா" என்றேன் விரலைப் பிடித்துக்கொண்டு.

"உங்கப்பாரு கல்யாணத்தன்னிக்கி அப்பியிருந்த பவுடரு."

"அப்ப உனக்குப் பத்தொன்பது வயசு! சின்ன வயசு வாசனை கேட்டேன்."

"பத்தொம்பது பெரிய வயசாடா?"

நியாயம்தான். எழுதிக்கொண்டேன்.

டாக்டரிடம் போனில் கேட்டோம். பழைய நான்கையும் விடக்கூடாது, புதியதையும் சேர்த்துக்கொள்ளலாம், கீலை மட்டும் தள்ளி வைத்து மோக்க வேண்டும் என்றார். கீலும் பவுடரும் அப்பா கொண்டுவந்தார். சேற்றை ஹுமைராவும் நானும் போய்ப் பாட்டிலில் எடுத்துவந்தோம்; அதில் என் ஒரு செருப்பு காட்டுக்குக் காணிக்கையானது. அச்சு மணம் போகாத ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை அம்மா கையில் கொடுத்தேன். பின்பக்க அட்டையைத் தடவிப் பார்த்தாள். "இதையும் வந்து வாங்கிட்டுப் போவாங்களா?" என்றாள்.

"இல்லம்மா. இது உன்னுது."

முதல் மாதம் ஒன்றுமில்லை. இரண்டாவது மாதமும் ஒன்றுமில்லை. "மோந்தியாம்மா?" என்று நான் தினமும் போன் செய்வேன். "மோந்தேன்" என்பாள். நான் அடுத்த கேள்வியைக் கேட்க மாட்டேன். அவளும் சொல்ல மாட்டாள்.

புராஜெக்ட்டுக்கு வைவா நாள் வந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அறிக்கையைப் புரட்டினார். "இதை எத்தனை பேரிடம் சோதித்தீர்கள்?"

"ஒருத்தங்ககிட்ட சார்" என்றாள் ஹுமைரா.

"யார்?"

"இவன் அம்மா."

தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். அணைத்து வைத்திருக்க வேண்டிய என் போன் அப்போது அடித்தது. அம்மா. அந்த நேரத்தில் அழைக்கவே மாட்டாள்.

செல்லதுரை சார் என் முகத்தைப் பார்த்தார். "எடுப்பா. ஸ்பீக்கர்ல போடு."

"தம்பி! நாறுதுடா!"

 தேர்வாளர்தான் முதலில் கேட்டார். "என்னம்மா நாறுது?"

"புஸ்தகந்தாங்க! ரப்பரக் கொளுத்துன மாதிரி! சேறும் நாறுது, பவுடரும் நாறுது, எலுமிச்சங்கூட நாறுது! ஆமா, யாரு பேசுறது?"

"எக்ஸ்டர்னல்."

"நல்லா இருங்க தம்பி" என்றாள் அம்மா.  ஹுமைரா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாசனை திரும்பும்போது இப்படித்தான் கோணலாக வரும், வரட்டும் என்றார் டாக்டர். தரகராலா, எலுமிச்சையாலா, தானாகவேவா என்று கேட்டதற்கு, தெரியாது என்றார். திருத்திக் கொடுத்த அறிக்கையில் அப்படியே எழுதினோம். அதற்காக மதிப்பெண் குறைந்தது.

பரீட்சை முடிந்து ஊருக்குப் போன மறுநாள் காலை, அம்மா வெறும் கூடையோடு கிளம்பினாள். "நண்டா?" என்றேன். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பின்னாலேயே போனேன்.

படகுத்துறையில், படகு மீனை இறக்கி விற்கிற செழியனின் கூடைக்கு முன்னால் குந்தினாள். ஒரு மடவையை எடுத்தாள். செவுளைத் தூக்கி மூக்கருகில் வைத்தாள். வைத்தவள் எடுக்கவே இல்லை.

"என்னக்கா, மீனுக்கு முத்தம் குடுக்குற?" என்றான் செழியன்.

"சும்மா இருடா. யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

பிறகு என்னிடம் நீட்டினாள். மோந்து பார்த்தேன். மீன் வாடை அடித்தது. "நல்லாத்தாம்மா இருக்கு."

"ரப்பரு வருது. ஆனா அதுக்குக் கீழ மீனும் வருது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அப்புறம் நிமிர்ந்து, "இது நேத்து மீனு செழியா" என்றாள்.

"அக்கா, இப்ப வந்த போட்டு மீனுக்கா!"

அம்மா மீனைக் கூடையில் திரும்ப வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். செழியன் தலையைச் சொறிந்துகொண்டே பின்னால் சாக்குப் போட்டு மூடியிருந்த இன்னொரு கூடையை இழுத்து முன்னால் வைத்தான்.

"இதப் பாருக்கா."

அம்மா அதையும் எடுத்து மோந்து பார்க்கத் தொடங்கினாள், அவசரமே இல்லாமல்.