ஒப்புமுகம்

உறைபனி போர்த்திய மிச்சிகன் ஏரிக்கு எதிரே மேற்கில், நீளும் மேடைப்பேச்சுக்கு அஞ்சிய விருந்தினன்போல் கதிரவன் ஓசையின்றி நழுவி மறைய, வானளாவிய மாடங்கள் ஒவ்வொன்றாய் விளக்கேற்றித் தம் அழகைத் தாமே வியந்து நின்ற சிக்காகோ மாநகரில், உயர்ந்ததொரு மாடத்தின் உச்சியில் இயங்கிய தொலைக்காட்சி நிலையம், தன் பெருந்தன்மையைத் தானே பாராட்டிக்கொள்ளும் நேரலை விழாவுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. பாராட்டப்பெறவிருந்தவள் அந்நிலையத்தின் முதல் கறுப்பினத் துணைத்தலைவி லூரீன் பெட்டிபோர்டு. பாராட்டவிருந்தவரோ, அவளைத் தாம் பணியில் அமர்த்தியதைக் கடவுள் ஒளியைப் படைத்ததற்கு அடுத்த நிலையில் வைத்தெண்ணிய தலைவர் வெண்டல் காரிங்டன்.

லூரீனின் நெஞ்சில் விழா இல்லை. தன் மக்களின் வாழ்வைச் சொல்ல அவள் போராடிப் பெற்ற குடும்பத் தொடர், 'முகங்கள் மனத்தில் பதியவில்லை' என்னும் குற்றச்சாட்டால் நிறுத்தப்படும் தறுவாயில் இருந்தது. பதியாததன் காரணத்தை அவள் அறிவாள். படப்பிடிப்புக்கு முன் பால்நிறப் பெண்ணொருத்தியை 'ஒப்புமுகம்' என்னும் பெயரில் இருக்கையில் அமர்த்தி, அவள் கன்னத்துச் செம்மை தெளியுமாறு படக்கருவிகளின் ஒளியளவை அமைத்து, பின்னர் எவர் வந்து நின்றாலும் அந்த ஒளியளவைத் தொடாதிருப்பது அங்கு திருமறைபோல் போற்றப்பட்ட வழக்கம். அவ்வொளியில் அவளுடைய நடிகர்கள் பற்களும் சட்டைகளுமாகவே தோன்றினர். மாற்றக் கேட்டபோதெல்லாம், "அது பொறியியல்மா. நிறவெறி இல்ல, இயற்கையோட சட்டம்," என்று காரிங்டன் முறுவலிப்பார்.

"அடியே, எதுக்கு நான் இவ்ளோ மெனக்கெடுறேன்?" என்றாள் ஒப்பனை செய்துகொண்டிருந்த தோழி டெல்லா. "திரையில உன் முத்துமாலை மட்டுந்தான் பேசப்போகுது. அதுக்கு வேணா பவுடர் போடட்டுமா?"

லூரீன் சிரிக்கவில்லை. எழுந்து அரங்கினுள் சென்று, ஒப்புமுகமாய் இருக்கையில் இருந்த பெண்ணின் தோளைத் தொட்டாள்.

"நீ போயி காப்பி குடி, கண்ணு. இன்னைக்கு நான் உக்காருறேன்."

படக்கருவியாளன் திகைத்தான். "மேடம், தலைவரு கேட்டா..."

"விழா யாருக்குப்பா?"

"உங்களுக்குத்தான்."

"அப்ப என் மூஞ்சிக்கு வெளிச்சத்த வையி."

அன்று அவள் நெற்றிச் சுருக்கமும், கன்னத்து மச்சமும், அடக்கிய சினத்தால் துடித்த இதழோரமும் இல்லந்தோறும் தெளிவாய்த் தோன்றின. அவளருகே வந்து நின்று, தம் பெருந்தன்மையைத் தாமே விரித்துரைக்கத் தொடங்கிய தலைவரோ, கண்ணும் மூக்கும் ஒளியில் கரைந்தொழிய, வெளுத்து உலர்த்திய தலையணை உறைபோல் காட்சியளித்தார். நிலையத்துத் தொலைபேசிகள் அலறின. அவருடைய மனைவியே அழைத்து, லூரீனருகே நின்ற பேய் எது என்று வினவினாராம்.

"என் மூஞ்சி எங்க?" என்று விழா முடிந்ததும் சீறினார் காரிங்டன்.

"இத்தனை நாளா எங்க மூஞ்சி இருந்த எடத்துலதான் சார். இயற்கையோட சட்டமாச்சே."

தொடர் நின்றது, லூரீனின் பதவியும் போயிற்று. ஆயினும், இயலவே இயலாது என்று ஆண்டாண்டாய்க் கைவிரித்த அப்பொறியாளர்களே, தலைவரின் முகத்துக்கு நேர்ந்த இழுக்கைத் துடைக்கும் பொருட்டு, மறுநாள் மாலைக்குள் இருநிறத்தாரையும் ஒரே திரையில் தெளிவுறக் காட்டும் வழி கண்டனர். அவ்வருஞ்செயலுக்கு 'முன்னோடி' என்னும் விருது காரிங்டனுக்கே வழங்கப்பட்டது.

அவ்விருது விழாவைத் தன் வீட்டில் டெல்லாவுடன் அமர்ந்து பார்த்தாள் லூரீன். தலைவரின் கோப்பையில் நீர் வார்க்கக் கறுப்பின முதியவர் ஒருவர் குனிந்தார். அவர் முகத்தின் ஒவ்வொரு கோடும், கண்ணின் ஈரமும், தாடையின் இறுக்கமும் குறைவின்றித் தெரிந்தன. அவள் எதற்காகப் போராடினாளோ அவ்வொளி அதுவேதான்; அம்முதியவருக்குப் பேச ஒரு சொல்லும் தரப்படவில்லை.