எம்.ஃபில். வரைக்கும் காற்று இருந்தது

வெப்பம் பரவும் மூன்று வழிகளை இருபத்திரண்டு வருடமாகப் பதினொன்றாம் வகுப்புக்கு நடத்தி வருகிறேன். அப்படிப்பட்டவன்தான், எலக்ட்ரிக் பைக் வாங்கிய மறுவாரமே மோட்டாருக்கு ஸ்டீல் மூடி செய்து போட்டேன். ஆவூர்ச் சாலைப் புழுதி படியக்கூடாது என்பது வெளியில் சொன்ன காரணம். மூடியில் என் பெயரைப் பொறிக்கலாம் என்பது சொல்லாத காரணம்.

மோட்டாரின் பக்கவாட்டில் சீப்புப் பற்களைப் போல அலுமினிய வரிகள் இருக்கும். வண்டி ஓடும்போது அவற்றினூடே காற்று புகுந்தால்தான் சூடு இறங்கும். 'ஜஸ்டின்' என்று மட்டும் பொறித்திருந்தால் பாதி வரிகளாவது பிழைத்திருக்கும். எம்.எஸ்சி. சேர்ந்தது, தகடு நீண்டது. எம்.ஃபில். வரைக்கும்கூடக் காற்றுக்கு ஒரு சந்து இருந்தது. பி.எட். வந்து அதையும் அடைத்தது.

பட்டறைக்காரர் முத்துராமன், "சார், காத்துப் போக வேணாமா?" என்றார்.

"எனக்கே பாடமா?" என்றேன்.

போன திங்கட்கிழமை என் மனைவி மெர்லினுக்குத் திருச்சியில் நர்ஸ் வேலைக்கு இன்டர்வியூ. பிள்ளைகளுக்காக ஒன்பது வருடம் வீட்டில் இருந்தவளுக்கு வந்த முதல் அழைப்பு. கீரனூரில் எட்டேகால் பஸ்ஸைப் பிடித்தால்தான் நேரத்துக்குப் போக முடியும். ஆவூரிலிருந்தே பஸ்ஸில் போகிறேன் என்றவளை, "நம்ம வண்டி இருக்கையில பஸ்ஸா?" என்று தடுத்தவனும் நான்தான்.

கீரனூருக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது வண்டியின் திரை சிவந்தது. மோட்டார் சூடு நூற்றுப் பதினெட்டு டிகிரி. வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. சைக்கிளில் வந்த ஓர் அம்மாள் எங்களைத் தாண்டிப் போனார்.

"இது பாதுகாப்பு ஏற்பாடு, மெர்லின். கன்ட்ரோலர் என்ன செய்யும்னா..."

"பாடம் அப்பறம் எடுங்க. மணி ஏழு அம்பது. மொதல்ல அந்த மூடியக் கழட்டுங்க."

"பேரு இருக்கேம்மா அதுல."

"அதுக்குள்ளதாங்க மோட்டார் அவியுது."

சீட்டுக்கடியில் இருந்த சாவியால் கழற்றினேன். கைக்குட்டை சுற்றியும் விரல் சுட்டது. ஐந்து நிமிடம் காற்றாட விட்டதில் சூடு நூற்று நான்குக்கு இறங்கியது. இருவரும் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சிவப்பு.

"எறங்குங்க," என்றாள்.

"இன்னுங் கொஞ்சம் ஆறட்டுங்கிறியா?"

"நீங்க எறங்குங்கங்கிறேன். பாரம் கூடுனா கரண்ட் கூடும், கரண்ட் கூடுனா சூடு கூடும்னு நேத்து சாப்புடுறப்ப நீங்கதானே சொன்னீங்க?"

நான் தொண்ணூற்றொரு கிலோ. அவள் ஐம்பத்திரண்டு. இறங்கினேன். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள்.

பட்டங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெயிலில் நடந்தேன். எட்டேகாலுக்குப் போன் அடித்தது.

"பஸ் ஏறிட்டேங்க. சீட்டும் கெடச்சிருச்சு. வண்டி பஸ் ஸ்டாண்டுல நிக்கிது."

"சூடு எவ்வளவு காட்டுச்சு?"

"எம்பத்தெட்டுதாங்க. நீங்க எறங்குனதுலேருந்து அதுக்கு ஒரு கொறையும் இல்ல."