பன்னிரண்டு சக்கரத்துக்கு ஒரு பொட்டு

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. ஆண்டிமடத்தில் எங்கள் எதிர்வீட்டு வெற்றிச்செல்வி அக்கா பெங்களூரில் பன்னிரண்டு சக்கரப் புது டிப்பர் லாரி வாங்கி, தானே ஓட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தாள். வழியில் என்ன நடந்தது என்று கேட்டேன்.

"ஒண்ணும் நடக்கலடா. எல்லாப் பேப்பரும் சரியா இருந்துச்சு."

எல்லாப் பேப்பரும் சரியாக இருந்த ஒரு லாரி இரண்டு மாநிலங்களைக் கடந்திருக்கிறது. எனக்குப் புல்லரித்துவிட்டது. நிலாவுக்குப் போனவர்களைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. இதற்கு நான்தான்.

2

முதல் தொடக்கம்: 'ஒசூர்க் குன்றுகளின் மேல் கதிரவன் தன் பொற்கரங்களை—'

வேண்டாம். கதிரவனுக்கு இதில் வேலை இல்லை.

இரண்டாம் தொடக்கம்: 'அவளிடம் இருந்தவை: தற்காலிகப் பதிவுச் சான்று, விற்பனைச் சான்று, இன்சூரன்ஸ், கனரக வாகன உரிமம்—'

இது கதையா, ஆபீஸ் வாசல் போர்டா? ஆனால் நான் வாயைப் பிளந்தது இந்தப் பட்டியலுக்குத்தான். அக்காவின் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்கு முந்திரிக்கொட்டை பொறுக்கியவர்கள். அந்த வீட்டுப் பெயர் ரேஷன் கார்டுக்கு அடுத்தபடியாக ஓர் அரசாங்கத் தாளில், அதுவும் 'உரிமையாளர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது.

3

கதைக்குச் சிக்கல் வேண்டும். இருக்கிறது. அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஒன்றாம் தேதியிலிருந்து அக்காவுக்குக் கல் ஏற்றும் ஓட்டம். நிபந்தனை: நிரந்தரப் பதிவு முடிந்திருக்க வேண்டும், வண்டிமேல் ஒரு கேஸும் இருக்கக் கூடாது. கேஸ் விழுந்தால் அந்த இடத்துக்கு வேறு வண்டி வந்துவிடும்.

(அடிக்குறிப்பு: தற்காலிகப் பதிவில் வரும் வண்டியில் சரக்கு ஏற்றக் கூடாது. கிருஷ்ணகிரியில் ஒரு புரோக்கர், "சேலம் வரைக்கும் மாங்கா ஏத்திக்கங்கக்கா, சும்மாதான போறீங்க" என்றாராம். "சும்மா போறதுக்குத்தான் தம்பி பேப்பர் வாங்கியிருக்கேன்" என்றாளாம் அக்கா.)

4

மாநில எல்லையில் ஓர் அதிகாரி. வில்லனாக இருக்கட்டும் என்று மீசை வைத்தேன். அக்கா சொன்னவரோ மீசை இல்லாதவர், மரியாதையானவர். மீசையை எடுத்துவிட்டேன்.

அவர் பேப்பரைப் பார்த்தார். சரி. வண்டிக்கு முன்னால் வந்தார். நின்றார்.

"நம்பர் எங்கம்மா?"

தற்காலிக எண், மஞ்சள் தகட்டில் சிவப்பு எழுத்து. வண்டி வாங்கிய இடத்திலேயே பூசை போட்ட மணிவேல், அதாவது அக்காவின் கணவர், அந்தத் தகடு முழுக்க மஞ்சளைக் குழைத்துப் பூசி, உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமமும் வைத்திருந்தார். மஞ்சள்மேல் மஞ்சள், சிவப்புமேல் சிவப்பு. ராணுவம்கூட இவ்வளவு பக்தியாக எதையும் ஒளித்ததில்லை.

"துடைச்சிடுங்க."

"பொட்டையா துடைக்கச் சொல்றீங்க சார்?" மணிவேல் பதறிக்கொண்டு குறுக்கே வந்தார். "புது வண்டி சார், இன்னும் வூடு போய்ச் சேரல. புருசன் செத்தாத்தான் பொட்டழிப்பாங்க. நான் இங்கதான நிக்கிறேன்?"

அதிகாரியின் கையும் பின்வாங்கியது. "சரி சரி, பேப்பர்லாம் இருக்கு. போங்க."

கதை இங்கே முடிந்திருக்கும். எனக்கும் சௌகரியம். அக்கா வண்டியை எடுக்கவில்லை.

"அடுத்த செக்கிங்ல இருக்கறவரு விடுவாரா சார்? கேஸ் போட்டாருன்னா என் ஓட்டம் போச்சு."

தண்ணீர் பாட்டிலோடு இறங்கினாள்.

"செல்வி, வேணாம்டி."

"நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கங்க."

திரும்பிக்கொண்டார். அதிகாரியும் திரும்பிக்கொண்டார்.

துப்பட்டா முனையால் துடைத்தாள். ஒவ்வோர் எண்ணாக வெளியே வந்தது. அவளைப்போல் இரண்டு மடங்கு உயரமான அந்த வண்டி, முகத்தைக் கொடுத்துக்கொண்டு அசையாமல் நின்றதாம்.

[இங்கே அவள் தன் நெற்றி ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஸ்டியரிங்கில் ஒட்டினாள் என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு, "நான் ஏன்டா அப்படிச் செய்யப்போறேன், கையெல்லாம் மஞ்சத்தண்ணி" என்றாள். நீக்கப்பட்டது.]

5

சேலம். ஆத்தூர். இங்கே ஒரு டயர் வெடித்தால் நன்றாக இருக்கும். புது டயர், வெடிக்கவில்லை. வேப்பந்தட்டை டீக்கடையில்தான் மணிவேல் கேட்டார்:

"எங்கம்மாகிட்ட என்ன சொல்லுவ?"

"நம்பர் நல்லாத் தெரியுதுன்னு சொல்லுவேன்."

6

நானே கண்ணால் பார்த்தது இது மட்டும்தான். டிப்பர் தெருவுக்குள் நுழைந்ததும் வீடுகள் எல்லாம் ஒரு சுற்று சிறுத்துப்போயின. எதற்கும் கமென்ட் அடிக்கும் எங்கள் தெரு வாசலுக்கு வந்து வரிசையாக நின்றது. நானும்.

மணிவேலின் அம்மா சிந்தாமணி ஆரத்தித் தட்டோடு வந்தார். தகட்டைப் பார்த்தார். மகனை ஏற இறங்கப் பார்த்தார். மகன் முழுசாகத்தான் இருந்தார்.

"ஏன்டி, பொட்டு எங்க?"

"நான்தான் அத்த அழிச்சேன். நாளைக்கு ஆர்.டி.ஓ. ஆபீசுல வண்டியக் காட்டணும். நம்பர மட்டும் தொட்டுறாதீங்க."

சிந்தாமணி ஆரத்தியில் விரலைத் தோய்த்துத் தகட்டை நோக்கி நீட்டினார். விரல் பாதியில் நின்றது. அண்ணாந்து பார்த்தார். எண் எழுதிய இடம் ஒரு முழம். அதற்கு மேலே, பக்கவாட்டில், பின்னால், கண்ணுக்கு எட்டிய மட்டும் வெறும் நெற்றி.

முடிவு மூன்று எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அவர் விரலைப் பிடித்து ஓரிடத்துக்கு இழுப்பது நான்தான். கிழித்துவிட்டேன். அவர் இன்னும் வண்டியைச் சுற்றிக்கொண்டிருக்கிறார், நீட்டிய விரலோடு. "எங்கதான் வெக்கட்டும்?" என்று தெருவைப் பார்த்துக் கேட்கிறார். தெருவில் நீங்களும் நிற்கிறீர்கள். சொல்லுங்கள்.