ஜார்ஜியாவுக்கு மோர்

பண்டிகை விடுமுறை வந்தால் நாமக்கல்லில் ஏதாவது ஒரு வீட்டுக்கு ஒரு நாடு சாப்பிட வரும். எந்த வீட்டுப் பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறதோ, அந்த வீட்டுக்கு அந்த நாடு. இந்த ஆடிப் பதினெட்டுக்குச் சாந்தாமணி வீட்டு முறை. அவள் மகள் தாரணி டாக்டருக்குப் படிப்பது ஜார்ஜியாவில்.

லீவு முடிந்து தாரணி காலையில் விமானம் ஏறினாள். பதினோரு மணிக்கு ஜார்ஜியா வந்தது. ஒரு மணிக்குள் திரும்பிப்போய்ப் படுத்துக்கொண்டால் விமானம் இறங்கச் சரியாக இருக்கும். மலைகளைச் செருப்பு விடுகிற இடத்தில் ஓரமாக வைத்துவிட்டு, கைகால் கழுவி, இலை முன்னால் உட்கார்ந்தது. சாந்தாமணி வீடியோ பார்த்து அந்த நாட்டுக் கிங்காலி பிடித்து வைத்திருந்தாள். நம்ம கொழுக்கட்டைக்குக் குடுமி வைத்தாற்போல இருக்கும். உள்ளே கறியும் சாறும். ஜார்ஜியா குடுமியைப் பிடித்துத் தூக்கி, சாற்றை உறிஞ்சித் தின்றுவிட்டு, குடுமியை மட்டும் இலையோரம் வைத்தது. முப்பத்திரண்டு குடுமி. அப்புறம் ரசமும் சோறும். கிளம்பவும் கிளம்பியது.

சாந்தாமணியின் வாய் சும்மா இருந்ததா? "அட, அதுக்குள்ளயுங்களா? இன்னுங் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போலாமுங்க" என்றாள். எல்லாரும் சொல்வதுதான். கேட்பவரும் "இருக்கட்டுங்க, இன்னொரு நாளைக்கு" என்று செருப்பை மாட்டுவார். ஜார்ஜியாவுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? "சரிங்க" என்று மறுபடி உட்கார்ந்துவிட்டது.

மூன்று மணிக்குத் தாரணியிடமிருந்து செய்தி வந்தது. "அம்மா, இறங்கற நேரம். கீழ நாட்டையே காணோம். வெறும் கடல்தான். சுத்திட்டே இருக்கோம். இன்னும் நம்ம வீட்லயா இருக்கு?"

 வந்த விருந்தாளியைப் "போங்க" என்று எந்த வாயால் சொல்வது? சாந்தாமணி மோர் ஊற்றினாள். மோர் வந்தால் சாப்பாடு முடிந்தது என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஜார்ஜியா தன் ஊர் வழக்கப்படி டம்ளரைத் தூக்கிப் பிடித்து, செத்துப்போன முன்னோர்களை வாழ்த்திக் கால் மணி நேரம் பேசியது. அடுத்த டம்ளருக்குத் திராட்சைத் தோட்டங்களை. மூன்றாவதற்குச் சாந்தாமணியின் நாத்தனாரை. பாழாய்ப்போன மோர்! வெற்றிலை பாக்கு வைத்தாள். அதையும் தூக்கிப் பிடித்து வாழ்த்தியது.

"பெட்ரோல் இன்னும் இருபது நிமிஷத்துக்குத்தானாம்மா" என்று தாரணி மறுபடி அனுப்பினாள்.

பக்கத்து வீட்டுப் பூங்கோதை எட்டிப் பார்த்தாள். போன தீபாவளிக்கு அவள் வீட்டில் பெரு சாப்பிட்டுப் போயிருந்தது. "போன்னு சொல்லாத சாந்தா. அதோட வூட்டு வாசல்ல ஆளு நிக்குதுன்னு சொல்லு."

சாந்தாமணி ஜார்ஜியா பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, உங்க வூட்டுக்கு விருந்தாளி வந்துருக்குதுங்க. எம்பொண்ணுங்க. பசியோட காத்துட்டிருக்குது."

விருந்தாளி என்ற சொல் காதில் விழுந்ததும் ஜார்ஜியா டம்ளரை வைத்தது. மலைகளை வாரிக்கொண்டு ஒரே ஓட்டம். வந்தவரைக் கொஞ்ச தூரமாவது கூடப் போய் வழியனுப்ப வேண்டாமா? நாமக்கல் எழுந்து பின்னாலேயே போனது.

சாந்தாமணி வாசலுக்கு வந்தாள். தெரு இல்லை. அவள் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அது அடித்தது.

"இறங்கிட்டம்மா. வந்ததும் சாப்பிட உக்கார வெச்சுட்டாங்க. பக்கத்துல நாமக்கல் உக்காந்திருக்கு. எதுலயும் காரம் பத்தலைங்குது."

போன உயிர் திரும்பி வந்தது சாந்தாமணிக்கு. "ஏங் கண்ணு, நீலப் பையில துணிக்கடியில பூண்டு ஊறுகாய் இருக்குது. எடுத்து வையி" என்றாள்.