நாற்பது நிமிடப் பயணம்

அந்தச் சனிக்கிழமை அறையில் இருந்தவர்களின் பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டிலில் என் மனைவி அக்தர் பேகம். தலைமாட்டில் எங்கள் மகள் ஷபீனா. கால்மாட்டில் அக்தரின் தம்பி ஜமீர். பக்கத்து வீட்டு ஞானஜோதி, நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், ஊசி போட வந்திருந்தார். ஜன்னலோரம் நாற்காலியில் நான், முஸ்தபா. வேறு யாரும் இல்லை. வாசலில் நின்றோம், காதால் கேட்டோம் என்று எங்கள் இரும்புலியூரில் இப்போது பலர் சொல்கிறார்கள். வாசல் கதவு சாத்தியிருந்தது.

இரண்டாயிரத்து எட்டாம் வருடம், ஆகஸ்ட் மாதம். ஈரல் கெட்டுவிட்டது, வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்று வெள்ளிக்கிழமை காலை மருத்துவர் கைவிரித்தார். பத்து மணிக்கு நான் மகன் உஸாமாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் கலிபோர்னியாவில் பாலைவனத்தை ஒட்டிய ஊரில் ஒரு சிறிய கம்பெனியில் இன்ஜினியர். அங்கே அப்போது வியாழன் இரவு. அடுத்த நாள் மதிய விமானத்தில்தான் அவனுக்கு இடம் கிடைத்தது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு மீனம்பாக்கத்தில் இறங்குவான்.

அந்தக் கம்பெனி செய்வது ராக்கெட். ஏறிய இடத்துக்கே திரும்பி வந்து நின்றபடி இறங்கும். எரிபொருள் நிரப்பி மறுபடி அனுப்பலாம். ஒருநாள் அதில் ஜனங்களை ஏற்றுவார்கள், அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு நாற்பது நிமிடம் என்று போன பெருநாளுக்கு வந்தபோது உஸாமா சொன்னான். ஜமீர் தாம்பரத்தில் டிராவல்ஸ் வைத்திருப்பவன். மக்காவுக்கு உம்ரா யாத்திரைக்கு ஆள் அனுப்புவது அவன் தொழில். அவன் விடவில்லை.

"எழுவது வயசு ஹாஜியாரை அதுல கட்டிவச்சு மேல அனுப்புனா, எறங்கும்போது மனுசனா எறங்குவாராடா? வாந்தியெடுத்தா யாரு தொடைக்கிறது?"

"மாமா, எல்லாத்துக்கும் வழி இருக்கு."

"மழை பேஞ்சா?"

"நிறுத்திடுவோம்."

"அப்ப கார்த்திகை மாசம் பூரா கடையை மூடிட்டுப் போவ வேண்டியதுதான்."

அக்தர் ஒன்றே ஒன்று கேட்டாள். "எங்கடா எறங்கும்?"

சத்தம் தாங்காது, ஊருக்குள் இறக்க முடியாது, கோவளத்துக்கு நேரே கடலுக்குள் முப்பது கிலோமீட்டர் தள்ளி மேடை கட்ட வேண்டும் என்றான். அவள் தலையசைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

பள்ளிவாசலில் என்னிடம் கேட்பார்கள். "உங்க பையன் ராக்கெட் வுடறானாமே பாய்?" நான் உள்ளதைத்தான் சொல்வேன். ஒன்பது மாடி உயரம் ஏறி இறங்கியிருக்கிறது. மனிதர் யாரும் இன்னும் ஏறவில்லை. பெற்ற பிள்ளைக்காக ஒரு மாடி கூட்டிச் சொல்லும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

சனிக்கிழமை காலை ஷபீனா குர்ஆனில் யாசீன் ஓதி முடித்தாள். பத்தரை இருக்கும். அக்தர் கண் திறந்தாள்.

"உஸாமா எங்க?"

ஜமீர் குனிந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டான்.

"கெளம்பிட்டான்க்கா. அவன் ராக்கெட்லயே வர்றான். நாப்பது நிமிசம். இதோ வந்துருவான்."

அக்தர் அவனைப் பார்த்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஷபீனா என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினாள். பேசாதீர்கள் என்று அர்த்தம்.

நான் எழுந்தேன்.

ஞானஜோதி என் பக்கம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "விடுங்க சார். நிம்மதியா போகட்டும்."

"யாசீன் ஓதின அறைம்மா இது. இங்க பொய் சொல்லக் கூடாது."

"அத்தா, ப்ளீஸ்," என்றாள் ஷபீனா.

கட்டிலோரம் உட்கார்ந்தேன். முப்பத்தாறு வருடத்தில் அவளிடம் நான் சொன்ன வார்த்தை எதையும் திருப்பி வாங்கியதில்லை.

"அக்தர், ராக்கெட் எதுவும் இல்ல. பிளேன்லதான் வர்றான். நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு."

"மச்சான்! இன்னா மச்சான் நீங்க!" ஜமீர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் உதடு காய்ந்திருந்தது. ஷபீனா பஞ்சை நனைத்து வைத்தாள்.

"தெரியும்ங்க," என்றாள் அக்தர். "கோவளத்துல எறங்கி, படகு புடிச்சு, கேளம்பாக்கம் சுத்தி, பெருங்களத்தூர் ரயில்வே கேட்ல நின்னு வர்றதுக்குள்ள... எப்படியும் நாளைக்குக் காலைல ஆறு ஆயிடும்."

ஜமீர் சிரித்தான். சிரிப்பு நடுவிலேயே உடைந்தது.

"நாளைக்கு வரைக்கும் நான் இருப்பேனா?" அவள் என்னைத்தான் கேட்டாள். ஞானஜோதியைப் பார்த்தேன். அவர் நாடியைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரியல," என்றேன். என் மனத்துக்குத் தெரிந்திருந்தது. அதனால் மறுபடி சொன்னேன். "இருக்க மாட்டேன்னு தோணுது."

"அப்ப அவனுக்காக என்னைப் போட்டு வைக்காதீங்க. ஐஸ் பெட்டியெல்லாம் வேணாம். இன்னிக்கு சாயங்காலம் அஸருக்கே எடுத்துருங்க."

"சரி."

"அவன் கேட்டா, நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க."

பன்னிரண்டு நாற்பதுக்கு மூச்சு நின்றது. மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு முடிந்து சற்று நேரம் ஆகியிருந்தது. சொன்னபடி அஸர் தொழுகைக்குப் பின் ஜனாஸா தொழுது அடக்கம் செய்தோம். ஒரு நாள் வைத்திருந்தால் என்ன பாய் என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

ஞாயிறு காலை உஸாமா விமான நிலையத்திலிருந்து நேராக அவளை அடக்கிய கபர்ஸ்தானுக்கு வந்தான். சட்டை கசங்கியிருந்தது. துஆ செய்து முடித்ததும் அவன் அம்மா சொன்னதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டான். ஈர மண்ணையே பார்த்தபடி இருவரும் நின்றோம்.

பிறகு நான் கேட்டேன். "அது தயாரா இருந்திருந்தா, வந்திருப்பியா?"

அவன் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தான்.

"அங்க கடற்கரைக்கு நாலு மணி நேரம். மேடைக்குப் படகு. எரிபொருள், சோதனை, காத்து அடங்கணும். இங்க மறுபடி படகு, இமிக்ரேஷன், கார். பதினாலு மணி நேரம் அத்தா. எல்லாம் சரியா நடந்தா."

வெள்ளி பத்து மணியிலிருந்து சனி பன்னிரண்டு நாற்பது வரை இருபத்தாறு மணி நேரத்துக்கு மேல். அம்மாவை உயிரோடு பார்த்திருப்பான்.

"எல்லாம் சரியா நடந்த நாள் எங்களுக்கு இதுவரைக்கும் ஒண்ணுகூட இல்ல," என்றான்.

நான் அவன் பையை வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு நடந்தோம்.

அக்தர் பேகம் கடிகாரத்தைப் பார்த்தபடி, மகன் ராக்கெட்டில் வருகிறான் என்று நம்பிக் காத்திருந்து இறந்தாள் என்று தாம்பரம் மார்க்கெட் வரை பேசுகிறார்கள். தவறு. ஞாயிறு காலை ஆறு மணி விமானம் என்று தெரிந்துதான் இறந்தாள். அவளிடம் சொன்னவன் நான்.