சிர்சேவாடி இனி கிராமம் இல்லை

1

இந்தக் கதையை ரயிலில் யாரோ சொல்லக் கேட்டேன் என்றுதான் முதலில் எழுதினேன். அது பொய். கதை என் ஆபீஸ் மேசையிலிருந்து வந்தது. செம்பூரில், வீட்டுக்கடன் தரும் ஒரு கம்பெனியில் பதினான்கு வருஷமாக விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறேன். பெயர் ஷ்யாமளா, ஜாகை மாட்டுங்கா. ஞாயிற்றுக்கிழமைகளில் கதை எழுதுவேன்.

அடித்துப்போட்ட தொடக்கங்கள்:

தாராவியில் மழை பிடித்துக்கொண்ட அன்று மாரிசெல்வி— (மழை இல்லை. ஏப்ரல் மாதம்.)

சொந்த வீடு என்பது மனிதனின் ஆதி ஏக்கங்களில்— (இதற்கு மேல் நானே படிக்க மாட்டேன்.)

மாரிசெல்வி என் எதிரே உட்கார்ந்து, ஃபைலைத் திறக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள். (இது நடந்தது. இங்கிருந்து போகலாம்.)

2

போவதற்கு முன் ஒரு திருத்தம். மேசையில் அவரை ‘நீங்கள்’ என்கிறேன். கதைக்குள் வந்ததும் ‘அவள்’ ஆகிவிட்டார். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. இனி ‘அவர்’.

மாரிசெல்வி, செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவுக்கு சூப்பர்வைசர். கணவர் இசக்கிப்பாண்டி தாராவியில் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறார். ஒரே பெண் ஷாலினி, ஒன்பதாம் வகுப்பு. கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் தாராவிக்குள்ளேயே ஏழு வாடகை அறைகள் மாறியிருக்கிறார்கள். இப்போதிருப்பது மாடி அறை. ராத்திரி பாயை விரித்துவிட்டால் கதவைத் திறக்க முடியாது.

அவர்கள் பார்த்து வைத்த வீடு பன்வேலுக்கு அப்பால். ஊருக்கு நான் வைத்திருக்கும் பெயர் சிர்சேவாடி. வயல்களுக்கு நடுவே ஏழு மாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருக்கும் பல ஊர்களில் ஒன்று. எங்கள் கம்பெனியில் கிராமப்புறக் கடன் என்று ஒன்று உண்டு. டவுன் பேமென்ட் கிடையாது. வீட்டின் முழு விலையையும் கடனாகத் தருவோம். வீடு கிராமப் பஞ்சாயத்து எல்லைக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மாதாமாதம் கட்டக்கூடியவர்கள், ஆனால் மொத்தமாக எடுத்து வைக்க எதுவும் இல்லாதவர்கள், இதை நம்பித்தான் வருகிறார்கள்.

3

முந்தைய பிரதியில் இந்த இடத்தில் பத்ரி என்று ஓர் அதிகாரி வந்தார். சிடுமூஞ்சி. யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். மாரிசெல்வியின் ஃபைலைத் திருப்பி அனுப்பியது அவர்தான். அவரை ரசித்து எழுதியிருந்தேன்.

பத்ரி என்று யாரும் இல்லை. திருப்பியது நான்.

ஆதாரில் ‘இசக்கிப்பாண்டி’. பட்டறை கொடுத்த சம்பளக் கடிதத்தில் ‘இசக்கிப்பாண்டியன்’. ஓர் உறுதிமொழித் தாள் வாங்கி வைத்துக்கொண்டு ஃபைலை மேலே அனுப்பியிருக்கலாம். விதி இடம் கொடுக்கிறது. அன்று ஒன்றாம் தேதி, சாயங்காலம் நாலரை மணி. ‘புதுக் கடிதம் தேவை’ என்று எழுதித் திருப்பிவிட்டு ரயிலைப் பிடிக்கப் போனேன். சிர்சேவாடி ஆறாம் தேதி முதல் நகராட்சியோடு சேர்கிறது என்ற சுற்றறிக்கை அன்று காலையே மெயிலில் வந்திருந்தது. நான் திறக்கவில்லை.

பட்டறை முதலாளி ஊருக்குப் போயிருந்தார். புதுக் கடிதம் கிடைக்க ஒன்பது நாள் ஆயிற்று.

4

மாரிசெல்வி ஃபைலை மேசைமேல் வைத்தார்.

“போன ஞாயித்துக்கெழமகூட போயிப் பாத்துட்டுதான் மேடம் வாரேன். கட்டடத்துக்குக் கீழ எரும மேயுது. தண்ணி டேங்கர்லதான் வருது. அது எப்படி டவுன் ஆச்சு?”

“பேப்பர்ல ஆயிடுத்து. இனிமே அங்க வீடு வாங்கணும்னா அஞ்சுல ஒரு பங்கு நீங்க கையிலேர்ந்து போடணும்.”

“என்னைக்கு ஆச்சு?”

“ஆறாம் தேதி.”

“நீங்க ஃபைலத் திருப்புனது ஒண்ணாந்தேதி.”

“ஆமா.”

“அன்னைக்கே மேல அனுப்பியிருந்தா?”

(ஒரு நீண்ட மௌனம் என்று எழுதக் கை வருகிறது. அப்படி எதுவும் இல்லை.)

“கெடைச்சிருக்கும்,” என்றேன்.

அவர் அழவில்லை. பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். “சரி மேடம்” என்று எழுந்து போனார். எனக்கு அதற்குப் பிறகு எந்த ஃபைலும் ஓடவில்லை.

5

நாலு நாள் கழித்து இருவருமாக வந்தார்கள். அதே கட்டடத்தில் இதே மாதிரி மாட்டிக்கொண்ட பதினோரு குடும்பங்களை மாரிசெல்வி தேடிப் பிடித்திருந்தார். மராத்திக்காரர்கள், உ.பி.க்காரர்கள், எல்லோரும் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கோரிக்கை ஒன்றுதான்: கிராமமாக இருந்தபோது விண்ணப்பித்தவர்களுக்குக் கிராமத்து விதியே செல்ல வேண்டும். பில்டர் மாதக் கடைசி வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இசக்கிப்பாண்டி தரையைப் பார்த்துக்கொண்டு, “எம் பேருல ரெண்டெழுத்து கூடுனதுக்கு வீடு போவும்னு நெனைக்கல மேடம்,” என்றார்.

“எங்க ஃபைல் சரியாத்தான் இருந்துச்சு, அன்னைக்கே அனுப்பியிருக்கலாம்னு நீங்க எழுதித் தரணும்,” என்றார் மாரிசெல்வி. பிறகு, “தந்தா ஒங்களுக்குக் கஷ்டம் வருமா?”

“வரலாம்.”

“அப்ப யோசிச்சுச் சொல்லுங்க.”

அவர் அதட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

6

அந்த ஞாயிறு யோசிக்க உட்கார்ந்தவள் இந்தக் கதையை எழுதினேன். மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். கம்பெனி மனமிரங்கிக் கடன் தருகிறது (கம்பெனிக்கு மனம் எங்கே இருக்கிறது என்று எழுதத் தெரியவில்லை). இன்னும் பத்து கிலோமீட்டர் தள்ளி, இன்னும் கிராமமாகவே இருக்கும் ஓர் ஊரில் வீடு கிடைக்கிறது (ஆஸ்பத்திரி ஷிஃப்ட் முடிந்து அவர் வீடு போய்ச்சேர பஸ் இல்லை). எட்டாவது வாடகை அறைக்குச் சாமான்களை ஏற்றிக்கொண்டு— (இதை முடிக்க முடியவில்லை.)

திங்கட்கிழமை காலை மாரிசெல்வி போன் செய்தார். என்ன சொல்வதென்று தெரியாமல், “உங்களைப் பத்தி ஒரு கதை எழுதிண்டிருக்கேன்,” என்றேன்.

“அப்படியா மேடம். அதுல எங்களுக்கு வீடு கெடைக்கா?”

“இன்னும் முடிக்கலை.”

“லெட்டர முடிச்சிட்டியளா?”

7

மத்தியான சாப்பாட்டு நேரத்தில் எழுதினேன். நாலு வரி. முதல் தேதியன்று விண்ணப்பம் தகுதியோடு இருந்தது. பெயர் வேறுபாட்டுக்கு உறுதிமொழி போதும். திருப்பியது என் முடிவு. சுற்றறிக்கையை நான் பார்க்கவில்லை. கீழே கையெழுத்து, தேதி. பதினாலு வருஷத்தில் என்னைப் பற்றி நானே ஆபீஸுக்கு எழுதிக்கொடுத்த முதல் காகிதம் அது. மேனேஜர் படித்துவிட்டு, “நிச்சயமா இதை அனுப்பணுமா?” என்று இருமுறை கேட்டார். அனுப்பணும் என்றேன்.

பதினோரு பேரின் மனுவோடு சேர்ந்து அது தலைமை அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. அங்கே முடிவெடுப்பவர் யார் என்று எனக்குத் தெரியாது. இரக்கமுள்ளவராக எழுதிப் பார்த்தேன், இல்லாதவராகவும் எழுதிப் பார்த்தேன், இரண்டையும் அடித்துவிட்டேன். மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

முடிவெடுப்பவரின் நாற்காலியைக் காலியாக விட்டிருக்கிறேன். நீங்கள் வந்து உட்காருங்கள். மேசைமேல் அடுக்கியிருப்பவற்றில் மேலாக இருப்பது மாரிசெல்வியின் ஃபைல்.