தூக்கு மேடையும் ஒரு வினைத்தொகையும்

1998ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினோராம் நாள், புதன்கிழமை முற்பகல், பல்கலைக்கழகத்தின் பழைய உடற்பயிற்சிக் கூடத்தை இடித்து வாகன நிறுத்துமிடம் அமைக்கும் பொருட்டு, எடை தூக்கும் பகுதியின் ரப்பர் விரிப்பு உரிக்கப்பட்டது. அடியில் ஒரு கல் தெரிந்தது. அதில் ‘தூக்கு மேடை’ என்று செதுக்கியிருந்தது.

கல்லை முதலில் படித்தவர் வரலாற்றுத் துறைத் தலைவி. உடற்கல்வி இயக்குநருக்குச் சொந்த நாத்தனார். படித்த மாத்திரத்தில் அவருக்குப் புல்லரித்துவிட்டது. முன்பு இங்கே சிறைச்சாலை இருந்தது என்றார். உத்தரத்தைக் காட்டி, தூக்குக்கயிறு தேய்ந்த தடம் என்றார். அது மாணவர்கள் கயிறேறிப் பழகிய தடம். திருத்துவதற்காக வாயைத் திறந்த இயக்குநர், இடிக்க வந்தவர்கள் கடப்பாரையைக் கீழே வைப்பதைக் கண்டதும் மூடிக்கொண்டார்.

இடிப்பு நின்றது; கூடத்துக்குப் பூட்டும் விழுந்தது. போட்டி நெருங்கும் வேளையில் அவருடைய மாணவிகள் மரத்தடியில் தண்டால் எடுத்தார்கள். உண்மையைச் சொன்னால் கட்டடம் போய்விடும்; சொல்லாவிட்டால் பூட்டு போகாது.

வீட்டிலோ நாத்தனாரின் பெருமிதம் சாப்பாட்டு மேசையில் கொள்ளவில்லை.

“உங்க கட்டடத்தக் காப்பாத்தினதே நான்தான் அண்ணி. ஒரு வார்த்தை நல்லதாச் சொன்னா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா?”

“காப்பாத்தின, சரி. பூட்டையும் நீதானம்மா போட்ட.”

இயக்குநரின் கணவர் தட்டிலிருந்து தலையை உயர்த்தவில்லை. மணவாழ்க்கையில் அவர் தவறாமல் செய்துவந்த உடற்பயிற்சி அது ஒன்றே.

பேச்சோடு பேச்சாக நாத்தனார், தாம் எழுதிய பாதுகாப்பு ஆணையின் வரைவைப் படித்துக் காட்டினார்: ‘இம்மேடை என்றென்றும் அதன் ஆதிப் பயன்பாட்டிலேயே நீடித்தல் வேண்டும்.’ ஓசை நன்றாக இருந்ததால் அவர் பொருளைப் பற்றிக் கவலைப்படவில்லை. இயக்குநர் கவலைப்பட்டார், பிறகு, வரைவு பிரமாதம் என்று மெச்சினார். துணைவேந்தர் கையெழுத்திடும்வரை பொறுத்திருந்தார்.

கையெழுத்தான மறுநாள், துணைவேந்தரின் முன்னிலையிலேயே, கல்லின் கீழ்ப்பாதியில் அப்பியிருந்த பழைய பசையைச் சுரண்டினார். இரண்டாம் வரி வெளிப்பட்டது: ‘தூக்கியதை எடுத்த இடத்திலேயே வைக்கவும்.’

துணைவேந்தர் இருமுறை படித்தார்.

“தூக்குல போட்டவன எடுத்த இடத்துல எப்படிம்மா வைக்கிறது?”

“அது வினைத்தொகைங்க ஐயா. தூக்கின மேடை, தூக்குற மேடை, தூக்கப்போற மேடை. மூணு காலத்துக்கும் எடை தூக்குற இடம். ஆதிப் பயன்பாடுன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

நாத்தனார் உத்தரத்தை ஆராயத் தொடங்கினார்.

அந்தக் கல்லின் முன் ஏற்கெனவே மௌன அஞ்சலி செலுத்திவிட்ட துணைவேந்தரால் ஆணையைத் திரும்பப் பெற இயலவில்லை. இறுதியில் முடிவானது இது: கட்டடம் இடிக்கப்படாது, பூட்டு அகற்றப்படும், எடைப் பயிற்சி அதே மேடையில் தொடரும், வாகனங்கள் வரலாற்றுத் துறையின் பின்புறத் திடலில் நிற்கும்.